பட்டியல் பெருத்துவிட்டது, தேடல் திணறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தேக்குத் தூண்களுக்குப் பின்னால் எனாமல் தூக்கு, அதற்கு அடியில் ரவிவர்மா படத்தின் சட்டம், அதன்மேல் யாரோ வைத்த பித்தளைக் குத்துவிளக்கு. எது எங்கே இருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துத் தருவார். அதே சரக்கை வலைத்தளத்தில் ஏற்றும்போது அவருடைய அந்த ஞாபகத்தைத்தான் தேடல் பெட்டியிடம் எதிர்பார்க்கிறோம்.

இந்த வட்டாரத்தில் சில வியாபாரிகளுக்கு வலைத்தளம் செய்து பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பழம்பொருள், ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை மூன்றும் கலந்த கூட்டுத் தளம் ஒன்றுதான் அதில் பெரியது. 600 பொருளோடு ஆரம்பித்தது, இப்போது பொருளுக்கு ஒரு வரியாக ஒன்றரை லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. கடைக்காரர்களும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் செய்த தப்புகளும் இதில் உண்டு.

தேடல் மெதுவாக இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் நேரத்தை அளந்து பாருங்கள். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை தேடினால் மூன்று விஷயம் தெரியும்: சர்வர் பதில் சொல்ல எடுத்த நேரம், பதில் இறங்க எடுத்த நேரம், இறங்கியதைத் திரையில் வரைய எடுத்த நேரம். இந்த மூன்றில் எது பெரியதோ அதுதான் நோய். மற்ற இரண்டுக்கும் மருந்து கொடுத்துப் பயனில்லை.

நான் இதைச் செய்யாமல் இரண்டு இரவு, பொருள் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால், கடையில் எடுத்த படங்களைச் சிறிதாக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ஒரு படம் 3 எம்பி, பக்கத்துக்கு 40 பொருள். ஒரு தேடலுக்கு 120 எம்பி! டேட்டாபேஸ் பாவம், தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது.

சர்வர்தான் தாமதம் என்று உறுதியானால் அடுத்தது மெதுவான குவரிகளின், அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்விகளின், பதிவேடு. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் அதை இயக்கினால் மட்டும் போதாது. 10 விநாடிக்கு மேல் போனால்தான் எழுதுவேன் என்பது அதன் இயல்பான அமைப்பு. அதை அரை விநாடிக்காவது இறக்குங்கள். மாட்டிய குவரியை எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்ற கட்டளை போட்டு ஓட்டினால், எத்தனை வரியைப் படித்து எத்தனை வரியைத் திருப்பித் தந்தது என்று காட்டும். ஒன்றரை லட்சத்தைப் படித்து 20 தந்திருந்தால் கதை புரிந்துவிடும். (அனலைஸ் சேர்த்தால் குவரி நிஜமாகவே ஓடும். அழிக்கும் குவரியில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

எது வேகம் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமென்றால், பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது. 0.1 விநாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை நினைப்பு அறுபடாது. 10 விநாடி ஆனால் ஆள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எத்தனை வரி இருந்தால் 'பெரிய' தரவு?

பலர் நினைப்பதைவிட அதிகம். இரண்டாயிரம், மூவாயிரம் பொருள்தான் என்றால் சர்வரில் தேடவே வேண்டாம். பெயர், வகை, விலை, ஊர் ஆகியவற்றை மட்டும் ஜேசான் என்ற எளிய உரைவடிவக் கோப்பாக்கிச் சுருக்கி அனுப்பிவிட்டு பிரவுசரிலேயே வடிகட்டலாம். பொருளுக்கு 200 பைட் வைத்தால் 2,000 பொருளுக்கு 400 கேபி. அதுவும் ஜிஜிப் செய்தால் நன்றாகவே இளைக்கும். பிறகு ஒவ்வொரு ஃபில்டரும் தட்டியவுடன் வேலை செய்யும்.

சில லட்சம் வரிகள் என்றால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற டேட்டாபேஸுக்கு அது பெரிய தீனி இல்லை. சரியாகக் கேட்டால் சாதாரண சர்வரிலேயே மில்லி விநாடிகளில் பதில் வரும். கோடிகளுக்குப் போகும்போதுதான் கட்டமைப்பையே மாற்றுகிற பேச்சு வரவேண்டும். 'எங்கள் தளத்தில் தரவு அதிகம், அதனால்தான் மெதுவு' என்று 80,000 வரிகளை வைத்துக்கொண்டு சொன்ன ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். அந்த ஒருவர் நான்தான்.

இண்டெக்ஸ், இண்டெக்ஸ் என்கிறீர்களே, அது என்ன?

இந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். பழைய செட்டியார் கடைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்று நடந்த வரவு செலவு நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். அப்புறம் அதே வரிகள் பெயர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். இன்னார் கணக்கு என்ன என்று கேட்டால் யாரும் சிட்டையை முதல் பக்கத்திலிருந்து புரட்டமாட்டார்கள். பேரேட்டில் அவர் பெயருள்ள பக்கத்தைத் திறப்பார்கள். மொத்த நிலை என்ன என்று கேட்டால் பேரேட்டையும் புரட்ட வேண்டாம், ஐந்தொகை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும்.

டேட்டாபேஸ் டேபிள் சிட்டை. இண்டெக்ஸ் பேரேடு. முன்கூட்டியே கூட்டி வைத்த சுருக்க டேபிள் ஐந்தொகை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து நடத்திய கணக்குமுறையின் சூட்சுமம் இதுதான்: கேட்கும்போது செய்ய வேண்டிய வேலையை எழுதும்போதே செய்து வைத்துவிடுவது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற எல்லாமே ஏறக்குறைய இந்த ஒரே யோசனையின் பிள்ளைகள்தான்.

விலை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வரி எழுதும்போதும் எல்லாப் பேரேட்டிலும் எழுதியாக வேண்டும். பயத்தில் பெயர், விலை, ஊர் என்று எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டால், காலையில் சரக்கு ஏற்றுகிற பையன் காத்துக்கொண்டே இருப்பான். உண்மையில் மக்கள் எதை வைத்து வடிகட்டுகிறார்கள் என்று ஒரு வாரப் பதிவைப் பாருங்கள். எங்கள் தளத்தில் 11 ஃபில்டர்கள் இருந்தன. பயன்பட்டவை நான்கு.

இண்டெக்ஸ் போட்டேன், ஆனாலும் வேகம் வரவில்லையே?

வழக்கமாக நான்கு காரணம்.

முதலாவது, வார்த்தையின் இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்ட லைக் தேடல். பேரேடு முதல் எழுத்து வரிசையில் இருக்கிறது. 'பெயரில் எங்காவது தேக்கு என்று வருகிற பொருள்' என்று கேட்டால் அந்த வரிசையால் பயனே இல்லை, முழு டேபிளையும் படித்தாக வேண்டும். இதற்கு மூன்று மூன்று குறியாக வெட்டி வைக்கும் டிரைகிராம் இண்டெக்ஸ் அல்லது முழு உரைத் தேடல் இண்டெக்ஸ் தேவை.

இரண்டாவது, புலத்தின்மேல் கணக்குப் போடுவது. தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்து எடுத்து 2023-க்குச் சமமா என்று கேட்டால் தேதியின் இண்டெக்ஸ் உதவாது. 2023 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1-க்கு முன்புவரை என்று எல்லை கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாவது, பிரிக்காத ஃபில்டர். 'கையிருப்பில் உண்டு' என்பதில் 95 சதவீதம் பொருள் வந்துவிடும் என்றால், அதற்குத் தனி இண்டெக்ஸ் போட்டாலும் டேட்டாபேஸ் அதைச் சீண்டாது, அது சரிதான். மாறாக, கையிருப்பில் உள்ளவற்றுக்கு மட்டும் விலை இண்டெக்ஸ் என்று பகுதி இண்டெக்ஸ் போடலாம். போஸ்ட்கிரெஸ் அதை அனுமதிக்கிறது.

நான்காவதுதான் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்: கூட்டு இண்டெக்ஸின் வரிசை. வகை, ஊர், விலை என்று மூன்றையும் சேர்த்துப் போட்ட இண்டெக்ஸ், வகை தெரிந்தால் உதவும், வகையும் ஊரும் தெரிந்தால் இன்னும் உதவும். ஊர் மட்டும் தெரிந்தால் அநேகமாகக் கைவிரித்துவிடும். சமம் என்று கேட்கும் புலங்களை முன்னால் வையுங்கள், விலை மாதிரி 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் புலத்தைக் கடைசியில் வையுங்கள்.

இன்னொன்று. மடிக்கணினியில் 200 வரிகளை வைத்துச் சோதித்துவிட்டு 'இண்டெக்ஸையே பயன்படுத்தமாட்டேன் என்கிறது' என்று பதறாதீர்கள். சின்ன டேபிளை முழுதாகப் படிப்பதே சிக்கனம் என்று அதற்குத் தெரியும். நிஜ அளவுக்குத் தரவு போட்டுச் சோதியுங்கள்.

பொருள் இருக்கிறது, ஆனால் தமிழில் தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேடும் இதற்கு உதவாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'கொட்டான்' என்று வைத்துக்கொள்வோம். பனையோலையில் நம் ஆச்சிமார் பின்னும் அந்தக் கூடைதான். கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் அது எட்டுக் குறிகள், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவக் கோப்பில் 24 பைட். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல், பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டிய விவரம் ஆகியவற்றில் இந்தத் துண்டு வடிவம் வந்துவிடும். எங்கள் தளத்தில் 'கொட்டான்' என்று தேடினால் பாதிக்கொட்டான்கள்தான் வந்தன, மூன்று மாதம் ஒருவருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

என்எஃப்சி தீர்க்காத வில்லங்கங்களும் உண்டு. 'கௌரி' என்பதை ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு 'கெளரி' என்று அடிப்பவர்கள் ஏராளம். யூனிகோடைப் பொறுத்தவரை இது எழுத்துப்பிழை, அதனால் அது தொடாது. 'ஸ்ரீ' என்பதையும் இரண்டு வேறு எழுத்துகளில் தொடங்கி எழுத முடியும், இரண்டும் செல்லுபடியானவை. இவற்றுக்கு நீங்களே ஒரு சின்ன மாற்றுப்பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அதே இடத்தில் உதறிவிடுங்கள்.

அடுத்தது சொல் வெட்டுதல். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் எஃப்டிஎஸ்5 தேடலில் இயல்பாக வரும் வெட்டுமுறை, எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கருதும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. அதனால் கொட்டான் என்பது க, ட, ட, ன என்று நான்கு துண்டாகிவிடும். 'கூட்டின வீடு' என்ற விவரத்தில் உள்ள 'கூட்டின'வும் அதே நான்கு துண்டுதான்! கூடை தேடினவருக்கு வீடு வந்து நிற்கும். வெட்டுமுறை அமைப்பில் குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். நீங்களே ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினாலும் இதே பள்ளம் அங்கேயும் உண்டு. எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் எஞ்சினின் இயல்பான வெட்டுமுறையில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வேற்றுமை உருபு. விவரத்தில் 'தூணை', 'தூணில்' என்று இருக்கும், தேடுபவர் 'தூண்' என்று அடிப்பார். தொடக்க எழுத்துகளை ஒப்பிடும் தேடல் போதுமே என்று தோன்றும். போதாது. தூண் என்பதன் கடைசிக் குறி புள்ளி. தூணை என்பதில் அந்த இடத்தில் ஐகாரக் குறி இருக்கிறது. ஆகவே ஒன்று மற்றதன் தொடக்கம் ஆகாது. தேடுசொல்லின் கடைசிப் புள்ளியை உதறிவிட்டு 'தூண' என்று தொடக்கத் தேடல் செய்தால் எல்லாம் மாட்டும். 'கல்' என்று தேடினால் 'கலயம்' வந்து சேரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேர்ச்சொல் காணும் வசதியே வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் 12-இல், அதாவது 2019-இல், தமிழும் சேர்க்கப்பட்டது. நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

குறைந்தபட்ச நீளத்தையும் கவனியுங்கள். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியின் முழு உரைத் தேடல் இயல்பாக மூன்று குறிக்குக் குறைந்த சொல்லை இண்டெக்ஸில் சேர்க்காது. 'பூ' என்பது இரண்டே குறி.

கடைசியாக அகர வரிசை. யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் ற, ல-வுக்கு முன்னால் வந்துவிடும், ன, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். தமிழ் வரிசைமுறையைக் குறிப்பிட்டே அடுக்கச் சொல்லுங்கள், இண்டெக்ஸையும் அதே வரிசைமுறையில் போடுங்கள். இரண்டும் வேறானால் ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கும், வேகம் போய்விடும்.

ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் தேடுகிறார்களே?

ஆமாம், அதுதான் நம் ஊர். ஒருவருக்கு மங்குச் சாமான், இன்னொருவருக்கு எனாமல். ஒருவர் ஆத்தங்குடி டைல்ஸ் என்பார், இன்னொருவர் ஆத்தங்குடிக் கல் என்பார், சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் தேடுபவர் ஊர்ப்பெயரின் முதலில் ஒரு 'ஏ' போடுவாரா இரண்டா என்று அவருக்கே தெரியாது. தேடும் நேரத்தில் எல்லா வடிவத்தையும் 'அல்லது' போட்டுக் கேட்டால் குவரி வீங்கிவிடும். சரக்கு ஏற்றும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் 'தேடுசொற்கள்' என்று ஒரு மறைவான புலம் வைத்து, எல்லாப் பெயர்களையும் அதில் நிரப்பிவிடுங்கள். எழுதும்போதே செய்கிற வேலை, மறுபடியும் அதே பேரேட்டு யோசனை.

பட்டியலை அறைக்குள் உட்கார்ந்து யோசித்துத் தயாரிக்க வேண்டாம். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று முடிந்த தேடல்களைப் பதிந்து வைத்து வாரம் ஒருமுறை படியுங்கள். என் பட்டியலில் பாதி அங்கிருந்து வந்தது. மீதிப் பாதியைக் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி ஒரே மதியத்தில் சொல்லி முடித்தார்.

ஃபில்டருக்குப் பக்கத்தில் 'தேக்கு 412, பித்தளை 96' என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். அதுதான் இழுக்கிறது.

இழுக்கத்தான் செய்யும். 20 பொருள் காட்டுவதற்கு 20 வரி போதும், எண்ணிக்கைக்கு எல்லா வரியும் தேவை. அதுவும் ஆறு ஃபில்டர் என்றால் ஆறு தனி எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் தன்னைத் தவிர மற்ற ஐந்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

வழிகள் உண்டு. எந்த ஃபில்டரும் தொடாத முதல் பக்கத்துக்கான எண்ணிக்கையை ஐந்தொகை போல முன்பே கூட்டி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது அதைத்தான். ஃபில்டர் போட்ட பிறகு பொருள்களை முதலில் காட்டிவிட்டு எண்ணிக்கையைத் தனி அழைப்பாகப் பின்னால் வரவிடலாம். அதோடு, துல்லியம் உண்மையில் யாருக்கு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எலாஸ்டிக்சர்ச்சே 7-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக 10,000 வரைதான் சரியாக எண்ணும், அதற்குமேல் 'இவ்வளவுக்கு மேல்' என்றுதான் சொல்லும். நாம் மட்டும் 1,03,417 என்று காட்டி என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஒன்றை மட்டும் விடக்கூடாது. எதைத் தட்டினால் பூஜ்யம் வருமோ அதை மங்கலாக்கிக் காட்டுங்கள். 'கிடைக்கவில்லை' என்ற வெற்றுப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தவர் மூன்றாவது முறை தேடுவதில்லை.

முதல் பக்கம் பறக்கிறது, 500-ஆம் பக்கம் தவழ்கிறது. ஏன்?

ஆஃப்செட். 'முதல் 10,000-ஐத் தாண்டி 20 கொடு' என்றால் டேட்டாபேஸ் அந்த 10,000-ஐயும் எண்ணிக் கடந்துதான் 20 தரும். அதற்குப் பதில் கடைசியாகக் காட்டிய பொருளின் விலையையும் எண்ணையும் நினைவில் வைத்து, 'இதற்கு அடுத்து வரும் 20' என்று கேளுங்கள். பேரேட்டில் அடையாளக் கயிறு வைத்த மாதிரி நேராக அங்கே திறக்கும். விலை மட்டும் போதாது, ஒரே விலையில் பல பொருள் இருக்கும்போது சில தவறிப்போகும். அதனால்தான் எண்ணும் சேர்கிறது.

இதில் '347-ஆம் பக்கத்துக்குத் தாவு' என்ற வசதி போய்விடும். ஒரு வாடிக்கையாளரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

அடிக்க அடிக்கவே முடிவு வரவேண்டும் என்கிறார் முதலாளி.

வரட்டும், ஆனால் ஒவ்வொரு விசைக்கும் சர்வரை எழுப்பாதீர்கள். கடைசி விசைக்குப் பின் 250, 300 மில்லி விநாடி பொறுத்துக் கேளுங்கள். தமிழில் ஓர் எழுத்துக்கே இரண்டு மூன்று விசை ஆகும், ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் சொல் உருவாகிக்கொண்டே இருக்கும். அது முடிந்தது என்ற நிகழ்வு வந்த பிறகு கேட்பது நல்லது.

அதைவிட முக்கியம் பழைய அழைப்பை ரத்து செய்வது. 'தே'வுக்கான பதில் தாமதமாகி 'தேக்கு'க்கான பதிலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தால், திரையில் தேங்காய்த் துருவி நிற்கும். பிரவுசரில் அபார்ட்கன்ட்ரோலர் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது.

தனியாக ஒரு தேடல் எஞ்சின் வாங்கி வைக்க வேண்டுமா?

பெரும்பாலும் இப்போதைக்கு வேண்டாம். எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பொருத்தத்தை வைத்து வரிசைப்படுத்த வேண்டும், பல ஃபில்டரின் எண்ணிக்கையும் உடனடியாக வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்து வரும்போது மெய்லிசர்ச், டைப்சென்ஸ், எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் பக்கம் பாருங்கள். முதல் இரண்டும் சின்ன அணிக்கு ஏற்றவை. எலாஸ்டிக்சர்ச் பலசாலி, ஆனால் நினைவகம் நிறையத் தின்னும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எதுவானாலும் மேலே சொன்ன தமிழ்ச் சோதனைகளை முதல் நாளே ஓட்டிப் பாருங்கள்: கொட்டான், தூண், கௌரி, பூ.

கேஷ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

கேஷ் என்பது ஒருமுறை கண்ட விடையை அடுத்தவருக்காக எடுத்து வைப்பது. ஆறு ஃபில்டர், ஒவ்வொன்றிலும் ஐந்து தேர்வு, கூடவே 'எதுவானாலும்' என்று வைத்தால் 46,656 சேர்க்கைகள். அதன்மேல் வரிசைமுறையும் பக்க எண்ணும் சேரும். அத்தனைக்கும் கேஷ் நிரம்புவதற்குள் சரக்கே மாறிவிடும். அதிகம் திறக்கப்படும் முப்பது நாற்பது பக்கங்களுக்கு மட்டும் வையுங்கள், நல்ல பலன். மெதுவான குவரியை மறைக்கக் கேஷ் போட்டால், கேஷ் காலியாகும் அந்த நிமிடம் எல்லாரும் ஒன்றாக வந்து கதவைத் தட்டுவார்கள்.

அந்தச் சேர்க்கைகள் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருந்தால் தேடுபொறிகள் தானாக அனுப்பும் நிரல்களான பாட்களும் அத்தனையையும் நிதானமாக மேயும். ஒரு வாரம் எங்கள் தளத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து முதலாளி சந்தோஷப்பட்டார், பிறகுதான் தெரிந்தது வந்தவை பாட்கள் என்று. ஃபில்டர் முகவரிகளை, பாட்களுக்கு வழிகாட்டும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்து, முக்கியமான வகைப் பக்கங்களை மட்டும் திறந்து விடுங்கள்.

சர்வரைப் பெரிதாக்கினால்?

முழு டேபிளையும் படிக்கும் குவரி பெரிய சர்வரிலும் முழு டேபிளையும்தான் படிக்கும்.

வேகமான கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் திக்குகிறது.

ஒரே நேரத்தில் எத்தனை பொருளைத் திரையில் வரைகிறீர்கள்? ஃபில்டர் தட்டியதும் 1,000 அட்டைகளை அழித்துத் திரும்ப வரைந்தால் நடுத்தர விலைப் போன் மூச்சு வாங்கும். 20, 30 மட்டும் வரையுங்கள், கீழே போகப் போகச் சேருங்கள். தட்டியதற்குத் திரை பதில் சொல்ல 200 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் ஐஎன்பி அளவுகோல். 2024 மார்ச்சிலிருந்து அதுவே நடைமுறை. முடிவு வரத் தாமதமானாலும் பரவாயில்லை, தட்டிய பெட்டியில் டிக் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மக்கள் மறுபடி தட்டுவார்கள், அது ஃபில்டரை எடுத்துவிடும், அப்புறம் நமக்குத்தான் போன் வரும்.

விற்றுப்போன பொருள் இன்னும் தேடலில் வருகிறது. இது வேகத்தால் வந்த வினையா?

ஆம். பழம்பொருளில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். கடையில் நேரில் வந்தவர் நிலைக்கதவை வாங்கி லாரியில் ஏற்றிவிடுவார், தனித் தேடல் இண்டெக்ஸும் கேஷும் அதைக் கேள்விப்படக் கொஞ்ச நேரமாகும். நாங்கள் இப்படி வைத்திருக்கிறோம்: தேடல் பட்டியல் ஐந்து நிமிடம் வரை பழையதாக இருக்கலாம். பொருளின் தனிப்பக்கமும் 'வாங்கு' பொத்தானும் எப்போதும் மூல டேட்டாபேஸைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். தேடலில் பார்த்து உள்ளே போனவருக்கு 'விற்றாகிவிட்டது, இதே போன்றவை இவை' என்று நான்கு பொருள் தெரியும். இரவில் ஒருமுறை இரண்டு பக்கத்தின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் சரிபார்க்கும். ஒத்துவராத அன்று காலையில் நான்தான் கடைக்குப் போய், சாமான் இருக்கிறதா என்று தூண்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.